டீச்சரும் இருபது பார்சலும்

மச்சான்,

இன்று காலை படியேறி வரும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு வாசம் என்னைப் பிடித்து நிறுத்தியது. மிளகும் கறிவேப்பிலையும் தேங்காய்ச் சொட்டும் போட்டு வத்தல் இறைச்சி பொரிக்கிற வாசம். எத்தனை வருஷத்துக்குப் பிறகு! வெள்ளவத்தையின் பஸ் புகை, மீன் கடை, கடல் காற்று எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு அது மட்டும் வந்தது. எனக்கு மூச்சு வாங்குகிறதாக்கும் என்று நினைத்து அந்த வீட்டுப் பிள்ளை கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். வங்கியில் வேலை செய்கிற பிள்ளை, கலியாணமாகி இரண்டு மாதம்.

"அங்கிள், இருந்திட்டுப் போங்கோ. மான் வத்தல் பொரிக்கிறன், ஒரிஜினல். போன கிழமை சஃபாரி போனனாங்கள் தானே, அங்க வாங்கினது. ஒரு கிண்ணத்தில போட்டுத் தாறன்."

"பிள்ளை, அது விக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. தெரியாதே உமக்கு?"

"நாங்கள் சுடேல்லைத் தானே அங்கிள், வாங்கினது தானே," என்று சிரித்தாள். பிறகு ஃபோனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். மரக்கிளையில் ஒரு சிறுத்தை, குளக்கரையில் புள்ளிமான் கூட்டம். மான்குட்டியைப் பார்த்து, "எவ்வளவு வடிவு என்ன?" என்றாள். உள்ளே அடுப்பில் மான் பொரிந்துகொண்டிருந்தது.

அந்தப் பிள்ளையை ஏச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவள் சொன்ன அதே வசனத்தை அவள் பிறக்க முன்னமே சொன்னவர்கள் நாங்கள். வீட்டுக்குள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மேசையில் எழுத இருந்துவிட்டேன். நீ போய் எட்டு மாதம். செத்தவர்களோடு கதைக்கிற பழக்கம் எனக்கில்லை. அது உன் ஆட்களின் வேலை, கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தி வைத்துக்கொண்டு வீட்டுப் புதினமெல்லாம் சொல்வது. "கதைச்சாத்தான் பாரம் குறையும் மச்சான்" என்பாய். சரி, இப்போது கதைக்கிறேன், கேள்.

நம்முடைய சுற்றுலாக் கந்தோரை நினைத்துப் பார்க்கிறேன். காலி வீதியில், புடைவைக் கடைக்கு மேலே, மூன்று மேசையும் ஒரு ஃபானும் மழைக்கு ஒழுகுகிற மூலையும். முதலாளி ஹாஜியார், புக்கிங் எழுதுகிற நான், வெள்ளை வான் ஓட்டுகிற நீ. கம்பெனி என்றால் அவ்வளவுதான். ஆனால் பெயர்ப் பலகையில் ஒரு யானை, ஒரு மயில், ஒரு சிறுத்தை, மூன்றும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஓவியக்காரன் வாழ்நாளில் மயிலைப் பார்த்திருக்க மாட்டான் என்று நீ சத்தியம் செய்வாய்.

யுத்தம் நடக்கிற நாட்டுக்கு யார் உல்லாசமாக வருவார்கள்? கடற்கரை ஹோட்டல்களே காற்று வாங்கிக்கொண்டு கிடந்தன. வந்த கொஞ்சப் பேரும் மிருகம் பார்க்க வந்தவர்கள். வடமேற்குக் காடு சண்டையால் பூட்டிக் கிடந்தது. மிச்சமிருந்தது தெற்குக் காடு ஒன்று, அதிலும் பாதிதான் திறந்திருந்தது. "சண்ட நடக்கிற நாட்டுல மிருகம் பாக்க வாறவன் ஒண்டு விசரன், இல்லாட்டி நல்லவன். ரெண்டு பேரும் நமக்கு ஓகே தானே," என்று சொல்லிக்கொண்டு வானைக் கழுவுவாய்.

நீயோ கொட்டாஞ்சேனையில் பிறந்து துறைமுகச் சங்கு கேட்டு வளர்ந்தவன். அப்பா கிரேன் ஓட்டியவர். காகம், பூனை, கோயில் முகட்டுப் புறா, இதற்கு மேல் ஒரு சீவனையும் தெரியாமல் அந்த வேலைக்கு வந்தாய். முதல் பயணத்தில் உடும்பைப் பார்த்து முதலை என்று வெள்ளைக்காரருக்குச் சொன்னவன் தானே நீ! நான் அதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஆனால் இரண்டு வருஷத்தில் என் வாயை அடைத்துவிட்டாய். மந்தி எந்தப் பக்கம் பார்த்துக் கத்துகிறது, மான் ஏன் காலால் தட்டுகிறது என்று கேட்டே சிறுத்தை எந்தப் பற்றைக்குள் இருக்கிறதென்று சொல்லிவிடுவாய். திங்கட்கிழமை கந்தோருக்கு வந்தால் ஃபைலைத் தொட விடமாட்டாய், காட்டையே மேசையில் கொண்டுவந்து கொட்டுவாய். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. வேலைக்குப் போய் இவ்வளவு சந்தோஷமாகத் திரும்பி வருகிற மனிதனை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அப்போதுதான் டீச்சர் வந்தாள், ஒரு பெண் சிறுத்தை. இடது காதில் ஒரு வெட்டு, நடையில் ஒரு அதிகாரம். நாலரை மணிக்குப் பாறையில் ஏறி இருந்து, கீழே நிற்கிற வாகனங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாளாம், வகுப்பில் இடாப்புக் கூப்பிடுவது மாதிரி. "நம்மட சின்ன வகுப்பு டீச்சர் மாதிரியே மச்சான்," என்றாய். அந்தப் பெயரே நிலைத்தது. நமக்கும் வசதி. அந்தக் காலத்தில் தமிழன் ஒருவன் தெற்கில் ஓடுகிற வானுக்குள் இருந்து சிறுத்தையைக் கண்டு "புலி, புலி" என்று கத்தினால் நடு ரோட்டில் இறக்கிவிடுவார்கள். "டீச்சர் வந்தாச்சு" என்று கந்தோருக்கு ஃபோன் வந்தால் ஹாஜியார் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிப் பிளேன்டீக்கு ஆள் அனுப்புவார். வெளிநாட்டிலிருந்து வருகிற கடிதங்களில்கூட டீச்சரைச் சுகம் விசாரித்தார்கள்.

கொழும்பிலிருந்து காட்டு வாசல் வரைக்கும் எத்தனை சென்றி, எத்தனை சோதனைச் சாவடி! வெள்ளைக்காரர் பின் சீட்டில் தொப்பியோடு இருக்க, உன்னை மட்டும் இறக்கி, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கொட்டாஞ்சேனை என்றதும் இன்னொரு தரம் பார்த்து, சீட்டைத் தூக்கச் சொல்லி, ஸ்பெயார் டயரைக் கழற்றச் சொல்லி. உன் சிங்களம் முகத்துவாரத்து மீன்காரரிடம் படித்தது, தண்ணீராக ஓடும். ஆனாலும் பெயர் தமிழ்ப் பெயர் தானே. கடைசிச் சென்றியில்தான் பண்டா நின்றான். ஊர்காவல் படைக்காரன், மெலிந்த மனிதன், சீருடை தோளில் தொங்கும். அங்கே இருந்த சந்திக் கடை அவன் மனைவி வீட்டாருடையது.

பண்டாவின் வழி வேறு. அவன் டயரைக் கழற்றச் சொல்ல மாட்டான். பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பார்சலை ஜன்னலால் நீட்டுவான். மான் வத்தல். வாங்கினால் "ஹரி ஹரி மாத்தயா, யன்ன", சரி ஐயா போங்கள் என்பான், போய்விடலாம். வாங்காவிட்டால் வெயிலில் ஒரு மணித்தியாலம். நீ வாங்கினாய். வாங்கியதைக் கொழும்புக்குக் கொண்டுவந்தாய். நமக்கென்ன கசக்கவா செய்தது? ஒரு பார்சல் இரண்டாகி, இரண்டு ஆறாகி, என் லேனில் ஐந்து வீடு, உன் பக்கம் நாலு வீடு, ஹெவ்லொக் டவுனில் ஹாஜியாரின் சிநேகிதர்கள் என்று ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை விரதக்காரர் சனிக்கிழமை விடியக் கதவைத் தட்டி, "வான் வந்திட்டுதோ தம்பி?" என்று கேட்பார்கள். தங்குமிடத்தில் ஃபோன் இல்லாததால் சந்திக் கடைக்கு எடுத்து அறை சொல்கிற கையோடு பார்சலும் சொல்வது என் வேலையாயிற்று. ஒரு நாள் நான் ஒப்புக்குக் கேட்டேன், இது பாவமில்லையா என்று. நீ ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே, "நாம சுடல்ல தானே மச்சான், வாங்கினது தானே," என்றாய். நானும் ஓமென்றேன். இரண்டு பேருக்கும் வாய் நிறைய எச்சில்.

பிறகு ஒல்லாந்துக் கிழவனும் கிழவியும் வந்தார்கள். அவர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், அவ தடித்த கண்ணாடி போட்ட சிரித்த முகக்காரி. இரண்டாம் முறை வந்தபோது நடந்ததை நீ எனக்குச் சொன்ன விதம் இன்னும் காதில் கிடக்கிறது. பகல் முழுக்க மான்குட்டிகளைப் பார்த்து அவ கன்னத்தில் கைவைத்து மகிழ்ந்திருக்கிறா. பொழுதுபட, தங்குமிடத்தில் சாப்பாடு. இறைச்சி நல்ல ருசி, என்ன இறைச்சி என்று கேட்டிருக்கிறா. சமையல்காரன் பெருமையாகச் சுவரில் தொங்கிய புள்ளிமான் படத்தைக் காட்டியிருக்கிறான்.

"முள்ளுக்கரண்டிய வச்சிட்டா மச்சான். கத்தல்ல, ஏசல்ல. வெளிய போய் நிண்டா. நான் பின்னால போனேன். 'இத உயிரோட பாக்கத்தான் இவ்வளவு தூரம் வாறோம்' எண்டு மட்டும் சொன்னா. எனக்கு மூஞ்ச எங்க வைக்கிறதெண்டு தெரியல்ல. டிக்கியில ஆறு பார்சல் கிடக்குது!"

அன்றோடு நிறுத்தினாய். பண்டாவுக்கு ஒரு டின் பால்மாவும் பிஸ்கட்டும் கொண்டுபோகத் தொடங்கினாய், அவன் பிள்ளைகளுக்கு. அவனும் பேசாமல் வாங்கிக்கொண்டானாம். என்னிடம் வந்து விரலை நீட்டிச் சொன்னாய்: "இனி யாரு கேட்டாலும் இல்ல எண்டு சொல்லு. ஹாஜியார் கேட்டாலும் இல்ல. நீ ஃபோன்ல அறைய மட்டும் சொல்லு. மானத் திண்டா சிறுத்த எதத் தின்னும்? சிறுத்த இல்லாட்டி நீயும் நானும் எதத் தின்றது?"

"ஓமடாப்பா, பிரசங்கம் வைக்காதை," என்றேன். ஓம் என்றுதான் சொன்னேன்.

இனி வருவது நான் செய்தது. சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன்.

என் தங்கச்சிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ரொறொன்ரோவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தமையனும் பெண்சாதியும் கொழும்பில் வந்து நின்றார்கள், பெண் பார்த்துப் பிடித்துவிட்டது, அடுத்த ஞாயிறு பின்னேரம் அவர்களுக்கு விருந்து. அந்த மனுசன் கதிரையில் சாய்ந்துகொண்டு, "வன்னியில சின்ன வயசில திண்ட மான் இறைச்சிதான் இன்னும் வாயில நிக்குது. இப்ப எங்க கிடைக்கப் போகுது!" என்று பெருமூச்சு விட்டார். எனக்கு வாய் சும்மா இருந்ததா? "அதுக்கென்ன அண்ணை, ஒரு ஃபோன் கோல். கனடாவுக்கும் கட்டித் தாறன்," என்றேன். தங்கச்சி என்னை நன்றியோடு பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் ஒரு அடி உயர்ந்துவிட்டேன்.

வியாழக்கிழமை கந்தோரில் நீ இல்லாத நேரம் பார்த்துச் சந்திக் கடைக்கு ஃபோன் எடுத்தேன். ஒல்லாந்துக்காரர் மூன்றாம் முறை வந்திருந்தார்கள், அவர்களுக்கு அறை சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, என் உடைந்த சிங்களத்தில், "பண்டாவிடம் சொல்லுங்கள், கொட்டாஞ்சேனை மாத்தயாவின் வானுக்கு ஞாயிற்றுக்கிழமை இருபது பார்சல்," என்றேன். என் பெயரைச் சொல்லவில்லை. உன் பெயருக்குத்தான் அவன் தருவான். நீ வானில் அதைக் கண்டு என்னைத் தூஷணத்தால் ஏசுவாய், ஏசிக்கொண்டே கொண்டுவருவாய், அவ்வளவுதான் என்று நினைத்தேன். சத்தியமாக அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

இருபது பார்சல் என்றால் ஒரு மானல்ல, மச்சான். மூன்று நாளில் அவ்வளவு வேண்டுமென்றால் ஒருவன் என்ன செய்வான்? பண்டா காட்டோரம் எங்கும் கண்ணி வைத்தான். சைக்கிள் பிரேக் கேபிளில் சுருக்குப் போட்டு, மான் தண்ணிக்கு வருகிற தடமெல்லாம் கட்டினான். கண்ணிக்கு மான் எது, மற்றது எது என்று தெரியுமா?

ஞாயிறு காலை ஏழு மணிக்கு நீ டீச்சரைக் கண்டாய். பாறையில் அல்ல, எல்லைக்கு வெளியே குளக்கட்டுப் பற்றைக்குள். கம்பி இடுப்பை அறுத்து இறங்கியிருந்தது. இழுக்க இழுக்க இறுகியிருக்கிறது. அவள் இழுத்திருக்கிறாள், சுற்றிலும் மண் உழுத மாதிரிக் கிடந்ததாம். நீ வானை நிறுத்தி, கிழவரிடம் கமராவைத் தூக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாய். காட்டு அதிகாரிக்கு ஆள் அனுப்பினாய். மிருக வைத்தியர் வரவேண்டிய பாதையில் அன்றைக்கென்று ஏதோ தேடுதல், வாகனங்களை மறித்து வைத்திருந்தார்கள். உன்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். சேர்ட்டைக் கழற்றி நனைத்து ஒரு தடியில் கட்டி, தூர நின்று அவளுடைய வாய்க்குத் தண்ணீர் நீட்டினாய். முதலில் சீறினாளாம். பிறகு நக்கினாளாம். பத்து மணிக்கு முன்னமே முடிந்துவிட்டது. கிழவி உன் தோளில் தலையை வைத்து அழுதிருக்கிறா. நீயும் அழுதாய் என்று அவதான் பிறகு கடிதத்தில் எழுதினா, நீ எனக்குச் சொல்லவில்லை.

அதிகாரி பண்டாவைப் பிடித்துக்கொண்டு வந்து உன் முன்னாலேயே கேட்டிருக்கிறார். அவன் உன்னைக் காட்டினான். "இந்த மாத்தயா தான் இருபது கேட்டார். கொழும்பிலிருந்து கோல் வந்தது." அதிகாரி உன்னைப் பார்த்தார். கிழவனும் கிழவியும் உன்னைப் பார்த்தார்கள். கோல் எடுத்தது யாரென்று உனக்கு அந்த இடத்திலேயே விளங்கியிருக்கும். ஆனாலும், "ஓம், நான்தான் சொன்னேன்," என்று ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தாய்.

அன்று பின்னேரம் நான் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கோழிக்கறி போட்டு, வான் வரவில்லை என்று வழிந்துகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை நீ கந்தோருக்குள் வந்து கதவைச் சாத்தினாய். ஹாஜியார் தொழுகைக்குப் போயிருந்தார். உன் கண் சிவந்திருந்தது.

"இருபதா? எந்தப் படைக்குடா சாப்பாடு? ஆ? எந்தப் படைக்கு?"

நான் புக்கிங் புத்தகத்தை மூடி வைத்தேன்.

"நான் வேணாம் எண்டு சொன்னேன் தானே. உன்ட மண்டைக்குள்ள என்ன களிமண்ணா? அவள் நாக்க நீட்டித் தண்ணி குடிச்சாள்டா. என்னப் பாத்துக்கிட்டே குடிச்சாள்."

"மச்சான், நான் போய்ச் சொல்லுறன். என்ர பேரைச் சொல்லுறன்."

"நீ ஒரு மயிரும் சொல்ல வேணாம்! போன மாசம் சுத்தி வளைப்புல உன்ன அள்ளிக்கிட்டுப் போய் மூணு நாள் வச்சிருந்தாங்க, எப்படி வந்தாய் எண்டு நான் பாத்தேன் தானே? யாழ்ப்பாணத்தான், வாடகை வீட்டுல இருக்கிறவன், இப்ப தெற்குல ஒரு கேஸ்ல பேரு. இந்த முற மூணு நாள்ல விட மாட்டாங்க. என்னை என்ன, கொட்டாஞ்சேனையான் தானே, பொறந்ததே இங்கதான், ரெண்டு கேள்வி கேட்டு விட்டுட்டாங்க." மூச்சு வாங்க நின்றாய். "டிரைவர் பதிவுல இருந்து பேர வெட்டிட்டாங்க. வாசல்ல லிஸ்ட் தொங்குது, உள்ள விடக்கூடாத டிரைவர்மார் எண்டு. அதுல போட்டாச்சு. இனி இதப் பத்திக் கதைக்காத. ஒருநாளும் கதைக்காத."

வான் சாவியை ஹாஜியாரின் மேசையில் வைத்துவிட்டுப் போனாய். நான் கதைக்கவில்லை. ஐயோ, எவ்வளவு கீழ்ப்படிவாகக் கதைக்காமல் இருந்தேன்! உன் கட்டளையை என் வாழ்நாளில் அதற்கு முன் ஒன்றையாவது கேட்டிருக்கிறேனா?

அதற்குப் பிறகு கந்தோர் ஒரு வருஷம் இழுத்தது. புதிய டிரைவர் நல்ல பிள்ளைதான், ஆனால் வருகிறவர்கள் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஒல்லாந்துக் கிழவி எழுதினா, இனி வரமாட்டோம், அந்த நாட்டின் மேல் கோபமில்லை, பார்க்க மனதில்லை என்று. அவ தன் ஊரில் எத்தனை பேருக்குச் சொன்னாவோ, அந்தப் பக்கத்துக் கடிதங்கள் நின்றன. தங்குமிடம் மூடியது. சந்திக் கடையில் தயிர் முட்டி வாங்க ஆளில்லை. பண்டா சிறை மறியலில் இருந்து வந்து மேசன் வேலைக்குக் கையாளாகப் போனான் என்று கேள்விப்பட்டு, "அவனும் பாவம்டா, நாலு புள்ள," என்று நீதான் கவலைப்பட்டாய். ஹாஜியார் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டு, வெளிநாடு போகிறவர்களுக்கு டிக்கட் வெட்டத் தொடங்கினார். "என்ன தம்பி இது, மிருகத்த நம்பி நல்லா இரிந்த தொழில் தானே, எப்படிப் போனது?" என்று என்னைத்தான் கேட்டார். தெரியாது ஹாஜியார் என்றேன்.

நீ துறைமுகத்தில் லொறி ஓடினாய். கொள்கலன், தூசி, வரிசை. தங்கச்சி கலியாணத்துக்கு வந்து பந்தியில் நின்று பரிமாறினாய். அவள் அங்கே நன்றாக இருக்கிறாள், மூன்று பிள்ளைகள், இன்றுவரை உன்னை விசாரிப்பாள். கொட்டாஞ்சேனைக் கோயில் பெருநாளுக்கு வருஷம் தவறாமல் உன் வீட்டுக்கு வந்தேன். புரியாணி போட்டு, மாறி மாறிக் கிண்டலடித்து, பிள்ளைகளின் படிப்பைக் கதைத்து. அந்தப் பேச்சை மட்டும் இரண்டு பேரும் தொடவில்லை. ஒரேயொரு தடவை, உன் பெரியவள் பள்ளியில் சிறுத்தை வரைந்துகொண்டு வந்தபோது, பென்சிலை வாங்கி இடது காதில் ஒரு வெட்டுப் போட்டுக் கொடுத்தாய். நான் தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போய்விட்டேன்.

சண்டை முடிந்தது. பாதை திறந்தது, காடும் முழுதாகத் திறந்தது. கொழும்பே திரண்டு சஃபாரி போனது. ஒரு சிறுத்தையைச் சுற்றி நாற்பது ஜீப் நிற்கிறது என்று பத்திரிகையில் படம் பார்த்து, "டீச்சரா இருந்தா எல்லாரையும் முழங்கால்ல நிக்க வச்சிருப்பாள்," என்றாய். "அப்ப வாவன், ஒருக்கா போயிட்டு வருவம்," என்றேன்.

"என்ட பேரு வாசல்ல தொங்குது தானே மச்சான். சிறுத்தையக் கொன்னவன் எண்டு. வெக்கமில்லாம எப்படிப் போய் நிக்கிறது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நான் பேச்சை மாற்றினேன். அப்போது எனக்கு என்ன பயம் இருந்தது? சுற்றிவளைப்பா, பொலிஸ் பதிவா? எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. ஒரு பஸ் ஏறிப் போய், ஐயா, அதைக் கேட்டது அவனல்ல, நான்தான், பெயரை மாற்றுங்கள் என்று சொல்ல ஒரு நாள் போதும். அடுத்த மாதம் போகலாம் என்று நினைத்தேன். பென்ஷன் அலுவல் முடியட்டும், மழை விடட்டும், முழங்கால் சரியாகட்டும் என்று நினைத்தேன். நீதான் கதைக்காதே என்றாயே என்றும் நினைத்தேன், அது நல்ல சாட்டு.

உன் முப்பதாம் நாள் பூசைக்கு வந்தபோது உன் மனைவி எனக்குக் கோப்பி தந்துவிட்டுச் சொன்னா: "கடைசியா ஆஸ்பத்திரியில என்ன கேட்டாரு தெரியுமா அண்ணன்? அந்தக் காட்டுக்குள்ள ஒரே ஒரு தரம் போயிட்டு வரேலுமா எண்டு. பொறகு அவரே, 'எங்க விடப் போறாங்க, பேர வெட்டிட்டாங்க தானே' எண்டு சொல்லிச் சிரிச்சாரு." அவவுக்கு எதுவும் தெரியாது. கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன்.

போன மாதம் போனேன், மச்சான். விடிய பஸ் ஏறி, இரண்டு பஸ் மாறி, மத்தியானம் காட்டு வாசலில் இறங்கினேன். புதிய கட்டடம், கண்ணாடிக் கதவு. உள்ளே இருந்த இளம் அதிகாரியிடம் என் உடைந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். இருபது பார்சல், கண்ணி, கையெழுத்து. லிஸ்டில் இருக்கிற உன் பெயரை வெட்டி என் பெயரைப் போடச் சொன்னேன். அவர் எழுந்து எனக்குக் கதிரை போட்டார், தண்ணீர் தந்தார். எந்த லிஸ்ட் என்று அவருக்கு விளங்கவில்லை. உள்ளே போய் ஓய்வுக்குக் கிட்ட நிற்கிற ஒரு கிளாக்கரைக் கூட்டிவந்தார்.

கிளாக்கருக்கு நினைவிருந்தது. "அந்த லிஸ்டா? அது பழைய வாசலோடு போய்விட்டது ஐயா. அந்தத் தடையெல்லாம் மூன்று வருஷத்துக்குத்தான். மூன்று வருஷம் முடிந்தால் பெயரை எடுத்துவிடுவோம். உங்கள் சிநேகிதரின் பெயரையும் அப்போதே எடுத்திருப்போம். யாராவது வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே," என்றார்.

மூன்று வருஷம்! நீ சாகும்வரைக்கும் வெளியே நின்றாய்.

உள்ளே போய்ப் பாருங்கள் ஐயா, ஜீப் இருக்கிறது என்று அந்த இளம் அதிகாரி அன்பாகச் சொன்னார். நான் போகவில்லை. நாலரைக்கு ஒரு பஸ் இருந்தது, அதில் ஏறிவிட்டேன். நீ இறங்கி நின்ற சென்றிகள் ஒன்றும் இப்போது இல்லை. பஸ் எங்கும் நிற்காமல் வந்தது. ஜன்னல் ஓரம் இருந்து அழுதுகொண்டு வந்தேன், பக்கத்தில் இருந்தவர் செத்தவீட்டுக்குப் போய்வருகிறீர்களா என்று கேட்டார். ஓம் என்றேன்.

நீ கேட்கப் போயிருக்க மாட்டாய், உனக்கு வெட்கம். கேட்டிருக்க வேண்டியவன் நான். அந்த வாசலில் போய் நின்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீ இருபது வருஷம் அந்தக் காட்டுக்குள் திரிந்திருப்பாய். கேட்கவில்லை, மச்சான். இதை இனிமேல் யாரிடம் கொண்டுபோய் இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.